கல்ஃபுக்கு முன்னால் எத்தியோப்பியா

கேரளத்தார் வெளிநாடு போன கதையை எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் வளைகுடாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். உரு என்ற மரக்கலத்தில் ஏறி கோர்ஃபக்கான் கரையில் நீந்தி ஏறிய இளைஞர்கள், அப்புறம் எண்ணெய்ப் பணம், அப்புறம் ஊரில் எழும்பிய கான்கிரீட் வீடுகள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே இன்னொரு கூட்டம் கடல் கடந்திருக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அரசாங்க ஒப்பந்தக் கடிதத்தோடு, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போன கூட்டம் அது. போன இடம் எத்தியோப்பியா. அந்த வாத்தியார் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

நாங்கள் கொச்சிப் பக்கம் பள்ளுருத்தித் தமிழர்கள். தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டிக்குக் கணக்கெழுத வந்தவர். மட்டாஞ்சேரியில் வாடகை கட்டுப்படியாகாமல் தெற்கே தள்ளிப் பள்ளுருத்தியில் குடியேறினார். கொச்சியில் தமிழர் என்பது புதிதல்ல. வெளி என்ற இடத்தில் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்கள் டச்சுக்காரர் காலத்திலேயே வந்துவிட்டவர்கள். பள்ளுருத்தி அப்போது பஞ்சாயத்து. 1967-ல்தான் கொச்சி மாநகராட்சியோடு சேர்த்தார்கள். தென்னந்தோப்பு, கைத்தோடு, கயிறு திரிக்கும் முற்றம் என்றிருந்த அந்த ஊரில் ஒன்று மட்டும் தாராளமாக இருந்தது: பள்ளிக்கூடம். நாராயண குரு பிரதிஷ்டை செய்த பவானீஸ்வரர் கோயிலை ஒட்டி ஸ்ரீதர்ம பரிபாலன யோகத்தின் பள்ளிகள், இன்னொரு பக்கம் பாதிரிமார் பள்ளி. காலை ஒன்பதரைக்கு ரோட்டில் சைக்கிள் விட முடியாதபடி பிள்ளைகள் போவார்கள் என்று அப்பா சொல்வார்.

இந்தக் காட்சியில்தான் பிரபலமான கதையும் பிறக்கிறது. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1956-ல் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தில் கார் போகும் வழியெல்லாம் சீருடை போட்ட பிள்ளைகள் வரிசை வரிசையாகப் பள்ளிக்குப் போவதைப் பார்த்து அசந்துபோனார். இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். எத்தியோப்பியாவில் வேலை பார்த்த எந்த மலையாளி வீட்டிலும் இந்தக் கதையைக் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். நான் சின்ன வயதில் அந்தக் காரில் நானே உட்கார்ந்திருந்த மாதிரி நம்பியிருந்தேன்.

கதை அழகானது. ஆனால் அதை ஆரம்பம் என்று வைத்தால் வருஷக் கணக்கு இடிக்கிறது. பள்ளுருத்தியிலிருந்து அதிக தூரமில்லாத திருப்பூணித்துறையில் 1922-ல் பிறந்த பால் வர்கீஸ், தபால் தந்தித் துறை வேலையை விட்டு எத்தியோப்பியாவுக்கு வாத்தியாராகப் போனது 1947-ல். மூன்று வருஷம் அங்கே பாடம் நடத்தி, அம்ஹாரிக் மொழியைச் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து மேல்படிப்புக்கு அமெரிக்கா போனார். 1956-லிருந்து 1959 வரை பேரரசரின் ஆலோசகராகவே இருந்தார். பின்னாளில் பவுலோஸ் மார் கிரிகோரியோஸ் என்ற பெயரில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் டெல்லி மெத்ராப்போலித்தாவாகவும் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களில் ஒருவராகவும் இருந்தவர் அவர்தான். இன்னொரு சான்று: எழுத்தாளரும் மருத்துவருமான ஆபிரகாம் வர்கீஸ். தாய் தந்தை இருவரும் கேரளத்திலிருந்து போன ஆசிரியர்கள். அவர் அடிஸ் அபாபாவில் பிறந்தது 1955-ல். பேரரசரின் கார் கேரளத்துக்கு வருவதற்கு முன்பே அங்கே மலையாளி வாத்தியார்கள் வீடு பிடித்து, குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பேரரசர் வந்தபோது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆறு இன்னும் அகலமானது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஊற்று எங்கே? முதலில் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 1935-ல் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. மறு வருஷம் அடிஸ் அபாபா விழுந்தது. 1937 பிப்ரவரியில் இத்தாலிய ஆளுநர் கிராசியானி மீது குண்டு வீசப்பட்டதும் தலைநகரில் படுகொலை நடந்தது. தேடிப் பிடித்துக் கொன்றவர்களில் படித்த இளைஞர்கள் நிறையப் பேர். வெளிநாட்டில் படித்துத் திரும்பியிருந்த ஒரு சின்னத் தலைமுறையே அநேகமாக இல்லாமல் போயிற்று. 1941 மே மாதம், வெளிநாட்டில் தஞ்சம் புகுந்திருந்த பேரரசர் திரும்பி வந்தபோது பள்ளிக் கட்டடங்களை மறுபடி கட்டலாம். அவற்றில் நின்று பாடம் நடத்த வாத்தியார் இல்லை. கல்வித் துறையைப் பல காலம் பேரரசர் தன் கையிலேயே வைத்திருந்தார் என்பதிலிருந்தே அவருக்கு அது எவ்வளவு பெரிய கவலை என்று தெரியும். போருக்கு முன்பு பிரெஞ்சுக்கு இருந்த செல்வாக்கு போய், மேல்வகுப்புகளின் பயிற்று மொழியாக ஆங்கிலம் வந்தது. ஆங்கிலத்தில் கணிதமும் அறிவியலும் நடத்தத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆங்கிலேயரைக் கொண்டுவரலாம், ஆனால் செலவு அதிகம். கூடவே அவர்களுடைய அதிகாரமும் வரும். இந்தியருக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

இந்தப் பக்கம், 1951 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எழுத்தறிவு 18 சதவீதம் இருந்தபோது திருவிதாங்கூர்-கொச்சியில் ஏறக்குறைய பாதிப் பேர் படிக்கத் தெரிந்தவர்கள். பட்டம் வாங்கியவர்கள் வேலைக்கு மேல் இருந்தார்கள். வேலை கிடைத்தவர்கள் பாடும் சுகமில்லை. தனியார் பள்ளிகளில் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி வேறொரு தொகையைக் கையில் கொடுக்கும் வழக்கம் சகஜம். அப்பா முதலில் வேலை பார்த்த பள்ளியிலும் அதுதான் நடந்தது. 1957-ல் கல்வி அமைச்சரான ஜோசப் முண்டசேரி, ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே நேரடியாகக் கொடுக்கும் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்ததும், அதை எதிர்த்து விமோசன சமரம் என்ற போராட்டம் மூண்டதும், 1959 ஜூலை 31-ல் மந்திரிசபையே கலைக்கப்பட்டதும் எல்லாரும் அறிந்தது. அந்தச் சண்டையின் நடுவில் வாத்தியார்களின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதைத்தான் யாரும் எழுதவில்லை.

மூன்றாவதாக மதமும் ஒரு காரணம். எத்தியோப்பியச் சபையும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் ஒரே கிழக்கத்திய மரபு. 1965 ஜனவரியில் பேரரசர் அடிஸ் அபாபாவில் கூட்டிய கீழை ஆர்த்தடாக்ஸ் சபைகளின் மாநாட்டுக்குக் கேரளத்திலிருந்து சபைத் தலைவரான காதோலிக்கா பாவாவே போனார். கோட்டயம், திருவல்லா, செங்கன்னூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம் போனதற்கு இந்தப் பழக்கம் ஒரு துணை. ஆனால் அதுவே தகுதி என்று நினைக்க வேண்டாம். எங்களைப் போல விபூதி பூசுகிறவர்களும் போனோம்.

அப்பா மகாராஜாஸ் கல்லூரியில் கணிதம் படித்தவர், பி.டி. முடித்தவர். 1964-ல் ஒப்பந்தம் வந்தது. அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு பாதி ஆங்கிலம், ஒரு பாதி அம்ஹாரிக். ஆங்கிலத்தில் 1964 செப்டம்பர் என்றிருக்கும் தேதி, பக்கத்துப் பாதியில் 1957 மஸ்கரம் என்றிருக்கிறது. அவர்கள் காலண்டர் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் ஓடுகிறது, பதின்மூன்று மாதம், புத்தாண்டு செப்டம்பர் 11. பதிமூன்றாவது மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்று பாட்டி கேட்டாளாம். ஐந்தாறு நாள் மட்டுமே உள்ள மாதம் அது.

கடிதத்தில் முக்கியமான வரி சம்பளம் அல்ல. குடும்பத்துக்கும் போக வரப் பயணச் செலவு உண்டு என்ற வரிதான் முக்கியம். அந்த ஒரு வரிதான் வாத்தியார் குடியேற்றத்தையும் பிறகு வந்த கல்ஃப் குடியேற்றத்தையும் வேறு வேறாக்கியது. கல்ஃபுக்குப் போன கூலித் தொழிலாளி வருஷக்கணக்கில் பெண்டாட்டியைக் கடிதத்தில்தான் பார்த்தான். வாத்தியார் தன் வீட்டையே தூக்கிக்கொண்டு போனான்.

புறப்படும் முன் பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு மட்டாஞ்சேரி மங்காட்டுமுக்கில் காப்பிரி முத்தப்பன் நடைக்குப் போனாள். போர்த்துகீசியர் பிடித்து வந்த ஆப்பிரிக்க அடிமைகளில், 1663-ல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது கொன்று புதையலோடு புதைக்கப்பட்டவர்களின் ஆவி என்று நம்பப்படும் தெய்வம். ஒரு சின்ன மேடை, சுவர். மெழுகுவத்தி ஏற்றி, சுருட்டு வைத்து, கள் வைத்துக் கும்பிடுவார்கள். இந்துவும் கிறிஸ்தவனும் முஸ்லிமும் அங்கே ஒன்றாக நிற்பார்கள். பாட்டி மெழுகுவத்தியைக் கொளுத்தி, “ஒன் தேசத்துக்குத்தான் எம்புள்ள போறான், பாத்துக்கோப்பா” என்றாள். அந்த அடிமைகள் அநேகமாக மொசாம்பிக் கரையிலிருந்து வந்தவர்கள்; எத்தியோப்பியா வேறு தேசம். பாட்டிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் மெழுகுவத்தியை ஏற்றியிருப்பாள். கொச்சிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவில் இருந்த பழைய கணக்கில் ஆட்களைச் சங்கிலியில் கொண்டுவந்த பக்கம் மட்டுமே எழுதியிருந்தது. சாக்பீஸோடு ஒருவர் அந்தக் கரைக்குப் போவது அந்தக் கணக்கில் புதிய வரி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின்மேல் மரியாதை கூடுகிறது.

அம்மா பள்ளுருத்தி அழகியகாவில் தனு மாதக் கடைசி வியாழக்கிழமை நடக்கும் புலவாணிபச் சந்தையில் வாங்கிய தாழம்பாய்களைச் சுருட்டிக் கட்டினாள். பம்பாய் போய், அங்கிருந்து விமானத்தில் ஏடன், ஏடனில் மாறி அடிஸ் அபாபா. கடல் மட்டத்தில் வாழ்ந்தவர்கள் ஒரே நாளில் எட்டாயிரம் அடி உயரத்தில் இறங்கினோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஊரெங்கும் தைல மரம். அடுப்பிலும் அதே இலை, அதே வாசனை. அங்கிருந்து வடக்கே 400 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வொல்லோ மாகாணத்துத் தலைநகர் தெஸ்ஸேயில் குடியேறினோம்.

தெஸ்ஸே அரசு உயர்நிலைப் பள்ளியில் அப்பாவுக்கு வேலை. அந்தப் பாடத்திட்டத்தின் இக்கட்டு ஏழாம் வகுப்பில் இருந்தது. ஆறாவது வரை அம்ஹாரிக்கில் படித்த பிள்ளைகள் ஏழாவதில் ஒரேயடியாக ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். எட்டாவதில் அரசுத் தேர்வு. கணக்குத் தெரிந்த பிள்ளை கேள்வி புரியாமல் தோற்கும். அப்பா அதற்கு ஒரு வழி செய்தார். இரவில் அரிக்கேன் விளக்கடியில் அம்ஹாரிக் எழுத்துப் படித்தார். முப்பத்துமூன்று அடிப்படை எழுத்து, ஒவ்வொன்றும் உயிருக்குத் தக்கபடி ஏழு வடிவம் எடுக்கும். நம்முடைய உயிர்மெய் பழகியவருக்கு அந்த முறை பிடிபட நாளாகவில்லை. கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் ஆங்கிலக் கேள்வி, வலது பக்கம் அதில் வரும் கடினச் சொற்கள் மட்டும் அம்ஹாரிக்கில். கணக்கை ஆங்கிலத்திலேயே போட வேண்டும். மார்ச் மாதத்துக்குள் வலது பக்கம் காலியாகிவிட வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கு. அவர் வகுப்பில் நானும் இருந்திருக்கிறேன்; வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெறுமையானதைக் கண்ணால் பார்த்தவள்.

நேரமும் வேறு. அங்கே நாள் விடியலில் தொடங்கும். நம் காலை எட்டு மணி அவர்களுக்கு இரண்டு மணி. அப்பா கைக்கடிகாரத்தைப் பள்ளி நேரத்துக்கும் சுவர்க் கடிகாரத்தை நம் நேரத்துக்கும் வைத்திருந்தார். பெயர் விஷயத்தில் மட்டும் சிரமமே இல்லை. அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அடுத்து அப்பா பெயர். வருகைப் பதிவேட்டைப் பார்த்த அன்றே அப்பாவுக்கு ஊர் பிடித்துப்போயிற்று.

அம்மா பி.ஏ. படித்தவள். பள்ளுருத்தியில் அவளுக்கு வேலை இல்லை. தெஸ்ஸேயில் ஆறு மாதத்தில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கில ஆசிரியை. இந்த ஒன்றை வரலாறு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: கணவனோடு போன படித்த பெண்கள் அங்கே தாங்களும் சம்பளம் வாங்கினார்கள், கல்யாணத்துக்கு முன்பே தனியாகப் போன பெண்களும் இருந்தார்கள். அம்மாவின் சம்பளத்தில் இரண்டு அத்தைகளுக்குக் கல்யாணம் நடந்தது. சமையலும் அவள் கைக்கு வந்தது. தேங்காயெண்ணெய் கிடையாது, பேயெள் எண்ணெய்தான். டெஃப் மாவைப் புளிக்க வைத்து ஊற்றும் இஞ்சேரா எங்களுக்கு அகலமான தோசை. அதோடு அம்மா சாம்பார் வைத்தாள்.

விலை வேறெங்கோ கொடுத்தோம். அது பிள்ளைகளின் படிப்பு. உள்ளூர்ப் பள்ளியில் எட்டாவது வரை படிக்கலாம். அதற்கு மேல் படித்து எத்தியோப்பியச் சான்றிதழோடு கேரளத்தில் கல்லூரி சேர்வது லேசல்ல. ஆகவே அநேகம் வீடுகளில் மூத்த பிள்ளையை எட்டாவதிலேயே ஊருக்கு அனுப்பினார்கள்: ஏற்காடு, ஊட்டி விடுதிகளுக்கு, அல்லது தாத்தா பாட்டியிடம். என் அண்ணனைப் பள்ளுருத்திக்கு அனுப்பினார்கள். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. வாரத்துக்கு ஒரு ஏரோகிராம். அது தெஸ்ஸே வந்து சேரும்போது அவன் எழுதிய காய்ச்சல் குணமாகியிருக்கும். அம்மா அந்த நீலக் கடிதத்தைத் திறக்கும் முன் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் ஊருக்கு வருவோம். அண்ணன் குரல் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். வாத்தியார் வீட்டையே தூக்கிக்கொண்டு போனான் என்று மேலே எழுதினேன். வீட்டில் ஒரு தூணை மட்டும் ஊரில் விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

1962-லிருந்தே அமெரிக்கப் பீஸ் கோர் இளைஞர்கள் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். மாணவர்களிடம் அரசியல் சூடேறிக்கொண்டிருந்தது. நிலம் உழுபவனுக்கு என்ற முழக்கம் அவர்கள் வாயில் இருந்தது. 1973-ல் வொல்லோவில் பஞ்சம். மழை பொய்த்துக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள் தெஸ்ஸே சாலையோரம் உட்கார்ந்தார்கள், சிலர் எழுந்திருக்கவில்லை. அரசாங்கம் அதை மறைத்தது. அந்த அக்டோபரில் செய்தியாளர் ஜோனாதன் டிம்பிள்பி எடுத்த படம் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த பிறகே உலகம் அறிந்தது. எங்கள் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வெளிநாட்டு வாத்தியார் வாய் திறக்க முடியாது. மதியச் சாப்பாட்டை மட்டும் பள்ளிக்கே அனுப்பச் சொல்லி, அதை யாருக்கோ கொடுத்துவிட்டு வருவார்.

1974 பிப்ரவரியில் புரட்சிக்குத் திரி கொளுத்தியவர்களில் ஆசிரியர்களும் உண்டு. கல்விச் சீரமைப்புத் திட்டத்தையும் சம்பளத்தையும் முன்வைத்து எத்தியோப்பிய ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பெட்ரோல் விலையை எதிர்த்து டாக்சி ஓட்டுநர்களும் இறங்கினார்கள். செப்டம்பர் 11 அவர்கள் புத்தாண்டு; அன்றிரவு பஞ்சப் படத்தை அந்நாட்டுத் தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள். மறுநாள் ராணுவத்தார் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கி ஒரு வோக்ஸ்வாகன் காரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அடுத்து மேல்வகுப்புகளையும் பல்கலைக்கழகத்தையும் மூடி, மாணவரும் ஆசிரியருமாக ஏறக்குறைய 60,000 பேரைக் கிராமங்களுக்கு அனுப்பியது ராணுவ அரசு. பாடம் நடத்த வகுப்பே இல்லை. 1975-ல் நாங்கள் ஊர் திரும்பினோம். அடிஸ் அபாபாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஆபிரகாம் வர்கீஸின் படிப்பும் அந்தக் கலவரத்தில்தான் நின்றது. அதைப் பின்னால் சென்னை மருத்துவக் கல்லூரியில் முடித்தார்.

அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் பலர் ஊருக்கு வரவேயில்லை. ஸாம்பியா, கென்யா, நைஜீரியா என்று அப்படியே நகர்ந்தார்கள். நைஜீரியா 1976-ல் எல்லாருக்கும் ஆரம்பக் கல்வி என்று அறிவித்து, எண்ணெய்ப் பணத்தில் ஆசிரியர்களை அள்ளியது. யாழ்ப்பாணத்து ஆசிரியர்களும் அங்கே இந்தியரோடு ஒரே பள்ளியில் இருந்தார்கள். எண்பதுகளில் நைரா சரிந்ததும் அந்தக் கூட்டமும் கலைந்தது. பிறகு மாலத்தீவின் தீவுப் பள்ளிகள். ஒவ்வொரு நாட்டிலும் கதை ஒன்றே: சொந்த ஆசிரியர்கள் தயாராகும் வரை நம் ஆட்கள், தயாரானதும் நன்றி சொல்லி வழியனுப்புதல். அது நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். பாடம் நடத்தப் போனதே அதற்காகத்தானே.

இப்போது எங்கள் தெருவில் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்த ஒரு பெண் கொரியா போக வழி கேட்டு வந்தாள். “டீச்சர், அங்க கவர்ன்மென்ட் ஸ்கூல்ல எடுக்கறாங்களாம், வீட்டுக்காரரையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போகலாமா?” என்றாள். தென் கொரியா 1995-லிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டாரை எடுக்கிறது. ஆனால் அந்தத் திட்டம் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். இந்தியா கொரியாவோடு செய்துகொண்டு 2010 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த பொருளாதார ஒப்பந்தத்தில் இந்திய ஆசிரியர்களைத் துணை ஆங்கில ஆசிரியர்களாக எடுக்க இடம் வைத்திருக்கிறார்கள். கதவு இருக்கிறது, ஒடுக்கமான கதவு. சம்பளத்தை அப்புறம் கேள், பாப்பா எந்த மொழியில் படிக்கும், எத்தனாவது வகுப்பில் திரும்பி வரும், வந்தால் இங்கே எங்கே சேரும் என்று முதலில் கேள் என்றேன். எழுதி எடுத்துக்கொண்டு போனாள்.

இந்தியத் தலைவர்கள் அடிஸ் அபாபா போனால் பேச்சில் நம் ஆசிரியர்களைப் பற்றி ஒரு வாக்கியம் வரும். அந்த ஒரு வாக்கியம் போதாது. போனவர்களில் அநேகம் பேர் காலமாகிவிட்டார்கள். இருப்பவர்கள் எண்பது தாண்டியவர்கள். எத்தியோப்பியா, நைஜீரியா, ஸாம்பியா என்று வாத்தியார் வேலைக்குப் போன யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒப்பந்தக் கடிதம், சம்பளச் சீட்டு, ஏரோகிராம், வகுப்புப் படம் எதையும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடாதீர்கள். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் நிற்பவர் யார், எந்த ஊர்ப் பள்ளி, எந்த வருஷம் என்று கேட்டு, படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். இந்த வருஷமே செய்யுங்கள்.